நின்ற இடத்தில் விரையும் எஞ்சின்

(மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாகப் பேசுவோர் திருமுறைகளையும் நாயன்மார் சரிதங்களையும் எடுத்து விளக்கும் அறிஞர்கள். பேலியகொடையில் நீர்கொழும்பு வீதியோரத்துக் கராஜ் ஒன்றில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகக் கையில் எண்ணெய்க் கறையோடு நிற்கும் என்னைச் செயலாளர் தம்பி வந்து அழைத்தபோது, ஆள் மாறி வந்துவிட்டாரோ என்றுதான் முதலில் எண்ணினேன். "இல்லை ஐயா, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கோ, அது போதும்" என்றார். எனக்குத் தெரிந்தது மோட்டார் வண்டி ஒன்றே. அதிலும் இன்றைக்கு ஒரேயொரு நோயைப் பற்றி மாத்திரம் பேசலாமென்று வந்திருக்கிறேன். கார் நின்றுகொண்டிருக்கிறது, ஓட்டுபவர் அக்சிலேற்றரில் கால் வைக்கவில்லை, ஆனால் எஞ்சின் மட்டும் அவசரமாக எங்கோ போவதுபோல இரைந்து ஓடுகிறது. இதுவே அந்த நோய்.

கார் நிற்கும்போது எஞ்சின் மெல்ல ஓடும் ஓட்டத்தைக் கராஜில் நாங்கள் ஐட்லிங் என்போம். தமிழில் 'சும்மா ஓட்டம்' என்று சொன்னால் பிழையில்லை என்பது என் அபிப்பிராயம். சும்மா இருத்தல் எவ்வளவு கடினமானதென்று சைவப் பெரியோர் கூறக் கேட்டிருக்கிறீர்கள். எஞ்சினுக்கும் அது கடினமான காரியமே. வேகமாக ஓடும் எஞ்சினில் சிறு குறைகள் தெரிவதில்லை. சும்மா ஓட விட்டால்தான் உள்ளேயிருக்கும் குறைகளெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

நன்றாகச் சூடேறிய ஒரு பெற்றோல் எஞ்சின், பெரும்பாலான கார்களில், சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 650 முதல் 850 சுற்று வரையில் ஓடும். சரியான கணக்குக் காருக்குக் கார் வேறுபடும். பல கார்களில் பொனற்றின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தாளிலேயே அது எழுதப்பட்டிருக்கும், நாம்தான் வாசிப்பதில்லை. காலையில் முதன்முதல் ஸ்டார்ட் செய்தவுடன் 1200, 1500 என்று ஓடிச் சில நிமிடங்களில் தானாக இறங்கினால் அது நோயன்று, அப்படித்தான் ஓடவேண்டும். ஏசி போட்டதும் நூறு இருநூறு சுற்றுக் கூடுவதும் நோயன்று. அரை மணி நேரம் ஓடி வந்த பின்பும் சிவப்பு விளக்கில் 1500இல் நிற்கிறதென்றால் அது நோய்.

"ஓடினால் ஓடிவிட்டுப் போகட்டுமே, நின்றுவிடாமல் ஓடுகிறதே" என்று சிலர் சொல்லுவார்கள். சிறிய கார் ஒன்று சும்மா நிற்கும்போது மணிக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரையில் பெற்றோல் குடிக்கும். சுற்று இரட்டித்தால் குடிப்பதும் ஏறக்குறைய இரட்டிக்கும். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியதையும், அதன்பின் கியூஆர் அட்டையைக் காட்டிக் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கியதையும் இங்கு யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அந்நாட்களில் வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். வரிசையில் நின்று வாங்கிய பெற்றோலில் ஒரு பங்கை அடுத்த வரிசையில் நின்றே எரித்துவிடுகிறேன் என்று சொல்லி வருந்தினார். காரைப் பார்த்தால் 1700 சுற்று.

எனினும் பெற்றோல் விரயம் இதில் சிறிய நட்டந்தான். பெரிய நட்டம் எதுவென்று சொல்லுவதற்கு முன், எஞ்சின் ஏன் விரைகிறது என்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

பெற்றோல் எஞ்சினின் வேகத்தை முடிவு செய்வது காற்று. பெற்றோலைக் கூட்டினால் வேகம் கூடும் என்று அநேகர் நினைக்கிறார்கள். உங்கள் கால் மிதிக்கும் அக்சிலேற்றர் நேராகப் பெற்றோலைத் திறப்பதில்லை. திறொட்டில் என்னும் ஒரு வட்டத் தகட்டைத் திருப்பிக் காற்று வரும் வழியைத் திறக்கிறது. காற்று எவ்வளவு வருகிறதோ அதற்கேற்ற பெற்றோலைக் காபரேற்றரோ, இக்காலத்துக் காரானால் கொம்பியூற்றரோ, சேர்த்துக் கொடுக்கிறது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெற்றோலுக்குப் பதினைந்து பங்குக்குச் சற்றுக் குறைவான காற்று வேண்டும். கொள்ளளவில் பார்த்தால் ஒரு லீற்றர் பெற்றோலை எரிக்க ஒன்பதாயிரம் லீற்றருக்கு மேற்பட்ட காற்று. எஞ்சின் மூச்சினால் உயிர் வாழும் பிராணி என்று நான் பயில வரும் பையன்களுக்குச் சொல்லுவேன். கால் எடுத்த பின்பும் அது விரைகிறதென்றால், நாம் கொடுக்காத மூச்சு எங்கிருந்தோ உள்ளே போகிறது. அந்த வழியைத் தேடுவதே நமது வேலை.

கால் எடுத்ததும் திறொட்டில் தகடு மூடிக்கொள்ளும். ஆனால் எஞ்சின் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகையால் தகட்டுக்கு அப்பால், மனிபோல்ட் என்னும் காற்றறைக்குள், அழுத்தம் மிகவும் குறைந்து வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கிவிடும். கராஜில் இதை வேக்கியம் என்போம். இந்த இழுவையைப் பயன்படுத்தித்தான் காரில் வேறு சில காரியங்களும் நடக்கின்றன. முக்கியமாகப் பிறேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டர் என்னும் கறுப்புச் சட்டி இந்த இழுவையிலேயே வேலை செய்கிறது. அதற்கொரு தடித்த றப்பர் குழாய், எஞ்சின் ஆவியை மீள இழுக்க ஒரு குழாய், இன்னும் மெல்லிய குழாய்கள் சில. இவற்றில் எது வெடித்தாலும், எது கழன்றாலும், வெளிக்காற்றுக் களவாக உள்ளே நுழையும்.

இந்த இடத்தில் இளைஞர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். காற்று எவ்வளவு என்பதைக் கொம்பியூற்றர் இரண்டு விதமாக அறியும். கோயிலில் அன்னதானம் நடக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒருவர் நின்று வருவோரை எண்ணி, அத்தனை பேருக்குச் சமைக்கச் சொல்லுகிறார். இன்னோரிடத்தில் மண்டபத்துக்குள் இருப்பவர்களை எண்ணிச் சமைக்கிறார்கள். மதிலேறி ஐம்பது பேர் குதித்து உள்ளே வந்துவிட்டால் என்ன நடக்கும்? வாசலில் எண்ணும் இடத்தில் சோறு போதாது. மண்டபத்தில் எண்ணும் இடத்தில் வந்தவருக்கும் சேர்த்துச் சமையல் நடக்கும், பந்தி பெருகும். எஞ்சினிலும் அப்படியே. வாசலில் காற்றை அளக்கும் கார்களில் குழாய் வெடித்தால் பெற்றோல் போதாமல் எஞ்சின் நடுங்கும், திக்கும், சில வேளை நின்றும் போகும். மனிபோல்டின் உள்ளே அழுத்தத்தை அளக்கும் கார்களில் களவாக வந்த காற்றுக்கும் பெற்றோல் கிடைத்து எஞ்சின் விரையும். நமது வீதிகளில் நிறைந்திருக்கும் 5ஏ எஞ்சின் பூட்டிய கொறோல்லா இந்த இரண்டாம் வகை. ஆகவே நடுங்காமல் திக்காமல் அழகாக விரைந்து ஓடுகிறதே, இதில் குழாய் வெடித்திருக்காது என்று எண்ணி ஏமாறக்கூடாது.

நானே ஏமாந்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

1998ஆம் ஆண்டு. தொழில் பழக வந்து இரண்டு வருடம். ஸ்பனர் பிடிக்கப் பழகியவனுக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் வரும் பருவம். கொட்டாஞ்சேனையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கொறோல்லாக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். கியர் மாற்றத் தேவையில்லாத ஒட்டோமற்றிக் கார். "தம்பி, சிவப்பு லைற்றிலை நிக்கேக்கை கார் தன்பாட்டிலை முன்னுக்கு இழுக்குது. பிறேக்கிலை இருந்து காலை எடுத்தால் பறந்திடும் போலை கிடக்கு" என்றார். மானியைப் பார்த்தேன், 1500. பெரிய பாஸ் அன்று கராஜில் இல்லை. அக்காலத்து இன்ஜெக்ஷன் கார்களில் திறொட்டிலைச் சுற்றிப் போகும் சிறு காற்று வழியைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகாணி இருந்தது. ஸ்குறூ டிறைவரை எடுத்து அதை உள்ளே முறுக்கினேன். சுற்று இறங்கி 800இல் நின்றது. இரண்டு நிமிட வேலை. ஆசிரியருக்கு மெத்தச் சந்தோஷம். "கெட்டிக்காரன்" என்று முதுகில் தட்டினார். காசும் கொடுத்தார்.

மூன்று கிழமை சென்றிருக்கும். அவர் மனைவியோடு களனிப் பாலத்தைக் கடந்து பேலியகொடைப் பக்கம் இறங்கி வந்துகொண்டிருந்தார். முன்னே லொறி ஒன்று நின்றது. பிறேக்கை மிதித்திருக்கிறார், மிதி கல்லுப்போல இறுகி நின்றிருக்கிறது. வயோதிபக் கால், அந்த இறுக்கத்தை வெல்லும் பலம் அதில் இல்லை. கார் லொறியின் பின்புறத்தில் மோதியது. தெய்வாதீனமாக வேகம் குறைவு. ஆசிரியருக்குக் காயமில்லை. அந்த அம்மாவுக்கு வலக்கை மணிக்கட்டு முறிந்தது.

காரைக் கராஜுக்கு இழுத்து வந்தார்கள். பெரிய பாஸ் பேலியகொடையிலேயே பிறந்து வளர்ந்த சிங்களவர், அதிகம் பேசாதவர். எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். பிறேக்கை மிதித்துப் பார்த்தார். மிதிக்கும்போதெல்லாம் உள்ளே 'ஸ்ஸ்' என்று காற்றுச் சத்தம் கேட்டது. என்னைக் கிட்ட அழைத்து, பூஸ்டருக்குப் போகும் தடித்த றப்பர் குழாயைத் துணி சுற்றிய குறட்டினால் நெரித்துப் பிடித்தார். எஞ்சின் இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று விளங்குகிறதா? பூஸ்டருக்குள்ளேயிருக்கும் றப்பர்த் தோல் கிழிந்து, அதன் வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் 1500இல் ஓடியதற்குக் காரணம் அதுவே. நான் செய்ததென்ன? கிழிந்த வழியை அப்படியே விட்டுவிட்டு, முறையான வழியைத் திருகாணியால் அடைத்தேன். அதன்பின் அந்த எஞ்சின் மூச்சுவிட்டதே கிழிசல் வழியாகத்தான். பாஸ் அதை நெரித்ததும் இரண்டு வழியும் அடைபட்டு எஞ்சின் நின்றது. நான் திருகாணியைத் தொடுமுன் அந்தக் குழாயை ஒரு தரம் நெரித்துப் பார்த்திருந்தால், 1500 சட்டென்று 800க்கு இறங்கியிருக்கும், பூஸ்டர் கெட்டிருக்கிறதென்று அப்போதே தெரிந்திருக்கும். விரைந்து ஓடிய சத்தமொன்றே அந்தக் கிழிசல் கொடுத்த எச்சரிக்கை. அதை நான் நிறுத்திவிட்டேன். கிழிசல் வளர்ந்தது.

பாஸ் என்னை ஏசவில்லை. "அந்த ஐயாவின் வீட்டுக்குப் போய் என்ன செய்தாய் என்று நீயே சொல்லு" என்றார், சிங்களத்தில். போனேன். அம்மா கையில் கட்டோடு இருந்தபடியே எனக்குத் தேநீர் தரச் சொன்னார். அந்தத் தேநீரை நான் எப்படிக் குடித்தேன் என்பது எனக்கு நினைவில்லை.

அன்றிலிருந்து விரைந்து ஓடும் கார் வந்தால் நான் முதலில் திருகாணியைப் பார்ப்பதேயில்லை. கேள்வி கேட்பேன். எப்போது தொடங்கியது? திடீரென்றா, மெல்ல மெல்லவா? சூடேறிய பின்புமா, குளிராக இருக்கும்போது மட்டுமா? ஒரே சீராக விரைகிறதா, ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடுகிறதா? அண்மையில் யாராவது கை வைத்தார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் வைத்தியரிடம் நாட்டு மருந்து சாப்பிட்டதை மறைப்பதுபோல, வேறு கராஜுக்குப் போனதை என்னிடம் மறைப்பவர்களே அதிகம்!

பிறகு இலகுவானதிலிருந்து தொடங்கவேண்டும். அக்சிலேற்றர்க் கேபிள் இறுகியிருக்கிறதா, கால் விரிப்பு மிதியில் சிக்கியிருக்கிறதா, திறொட்டிலை மூடும் ஸ்பிறிங் பலமாக இருக்கிறதா. பொனற்றைத் திறந்து கையால் திறொட்டிலை மூடும் பக்கம் தள்ளிப் பாருங்கள். சுற்று இறங்கினால் குறை கேபிளிலோ ஸ்பிறிங்கிலோ தகட்டில் படிந்த கரியிலோ இருக்கிறது. இறங்காவிட்டால் காற்று வேறு வழியில் வருகிறது. இங்கே இன்னும் மொறிஸ் மைனர் வைத்திருக்கும் பெரியவர்கள் இரண்டொருவர் இருக்கிறீர்கள். உங்கள் காரில் கொம்பியூற்றர் இல்லை, எஸ்.யூ. காபரேற்றர் ஒன்றே. அதில் சோக் கம்பி முழுதாகத் திரும்பி உள்ளே போகாமல் சிக்கி நிற்பதே இந்த நோய்க்கு வழக்கமான காரணம். அதுவுமில்லையென்றால் திறொட்டில் அச்சுத் தேய்ந்து பக்கங்களால் காற்று இழுக்கும். அதற்கு எந்தத் திருகாணியும் மருந்தன்று, அச்சை மாற்றத்தான் வேண்டும்.

கேபிளில் குறையில்லையென்றால் குழாய்களை ஒவ்வொன்றாக நெரித்துப் பார்ப்பது. எதை நெரித்தபோது சுற்று இறங்குகிறதோ அதன் வழியில் கள்ளன் இருக்கிறான். நெரிக்க முடியாத இடங்களுக்கு, மனிபோல்ட் காஸ்கற் போன்றவற்றுக்கு, ஒரு முழ நீளக் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து மறு நுனியை ஓரங்களில் நகர்த்திக் கேளுங்கள், சீறும் சத்தம் தெரியும். சுழலும் பட்டிகளுக்குக் கிட்டக் கையையும் குழாயையும் கொண்டுபோகாதீர்கள். சவர்க்கார நீரை மெல்லத் தெளித்தாலும் உறிஞ்சும் இடம் காட்டிக்கொடுக்கும். சில கராஜ்களில் பெற்றோலைத் தெளித்துப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. அது தீயோடு விளையாடுவது, தயவுசெய்து செய்யாதீர்கள். எங்கள் பையன் ஒருவன் சாம்பிராணிப் புகையைக் காட்டிப் பார்ப்போமா என்று கேட்டான். புகை எங்கே இழுபடுகிறதென்று பார்க்கலாம் என்பது நல்ல புத்திதான், பெரிய கராஜ்களில் அதற்கென்றே புகை ஊதும் இயந்திரம் இருக்கிறது. ஆனால் பெற்றோல் ஆவி நிற்கும் இடத்தில் தணல் கொண்டுபோகலாமா? சாம்பிராணி சுவாமி அறையிலேயே இருக்கட்டும் என்றேன்.

இந்தக் குழாய் வெடிப்பு இந்நாட்டில் ஏன் இவ்வளவு சாதாரணமாயிற்று என்பதற்கும் காரணமுண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்த காரையே வைத்துச் சமாளித்தோம். இரும்பு தாங்கும், றப்பர் தாங்காது. இருபத்தைந்து வருடம் எஞ்சின் சூட்டில் கிடந்த குழாய் பிஸ்கோத்துப்போல நொறுங்கும். பஞ்சிகாவத்தையில் பழைய காரிலிருந்து கழற்றிய குழாயை மலிவாக வாங்கிப் பூட்டுகிறார்கள். அதுவும் அதே வயதுக் குழாயல்லவா? மீற்றர் கணக்கில் புதிதாக வாங்கிப் பூட்டுவதே இலாபம்.

ஏறி இறங்கி ஓடும் காரைப் பற்றி ஒரு வார்த்தை. கால் எடுத்த நிலையில் சுற்று மிகக் கூடினால், வண்டி பள்ளத்தில் இறங்குகிறதென்று கொம்பியூற்றர் எண்ணிப் பெற்றோலை நிறுத்திவிடும். சுற்று விழும். மறுபடி பெற்றோலைக் கொடுக்கும். களவுக் காற்று இருப்பதால் மறுபடி ஏறும். இப்படி ஊஞ்சலாடும். இதைக் கண்டு கொம்பியூற்றர் பழுதென்று அதை மாற்றியவர்களை நான் அறிவேன். பல ஆயிரம் ரூபா செலவழித்த பின், குற்றவாளி விரல் நீளக் குழாய் ஒன்று.

இனிக் குளிர், சூடு சம்பந்தமான காரணங்களுக்கு வருகிறேன். இங்கே நமது நாட்டுக்கென்றே ஒரு மூடப்பழக்கம் இருக்கிறது. எஞ்சின் தண்ணீர் 80, 90 பாகைச் சூட்டை அடையும்வரையில் றேடியேற்றருக்குப் போகாமல் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டற் என்னும் சிறு வால்வை, "சூடான நாட்டுக்கு இது எதற்கு?" என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். கொழும்பின் வெயில் 30 பாகை. எஞ்சினுக்கு வேண்டியது அதைவிட ஐம்பது அறுபது பாகை அதிகம். நமக்குச் சூடான நாடு எஞ்சினுக்குக் குளிர் நாடே. தெர்மோஸ்டற் இல்லாத கார் கட்டுநாயக்கா அதிவேக வீதியில் ஓடும்போது காற்றில் ஆறி, முழுச் சூட்டை அடையாமலே ஓடும். இன்னும் காலைநேரந்தான் என்று கொம்பியூற்றர் எண்ணிப் பெற்றோலை அதிகமாகக் கொடுக்கும், சும்மா ஓட்டத்தையும் உயர்த்தியே வைத்திருக்கும். இப்படி வந்த கார்கள் எத்தனையோ. தெர்மோஸ்டற்றைத் திரும்பப் பூட்டியதும் நோய் போய்விடும். கழற்றுகிறவர்களுக்கும் ஒரு நியாயம் இல்லாமலில்லை. தெர்மோஸ்டற் மூடியபடி சிக்கிக்கொண்டால் எஞ்சின் கொதித்துவிடும் என்பது அவர்கள் பயம். அந்தப் பயத்துக்கு மருந்து புதிய தெர்மோஸ்டற்.

தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சர் பொய் சொன்னாலும் இதே கதைதான். 20 பாகையில் இரண்டாயிரம் மூவாயிரம் ஓம் தடை காட்டி, 80 பாகையில் ஏறக்குறைய முந்நூறு ஓமுக்கு இறங்கவேண்டியது, இறங்காமல் நின்றால் கொம்பியூற்றருக்கு எந்நாளும் மார்கழி மாதம். மல்ற்றிமீற்றர் வைத்திருக்கும் இளைஞர் எவரும் இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்.

இன்னொன்று, பெரியவர்கள் கவனிக்கவேண்டியது. 1990ஆம் ஆண்டுகளின் ஜப்பான் கார்கள் பலவற்றில், எஞ்சின் தண்ணீரின் சூட்டினால் விரிந்து காற்று வழியை மூடும் மெழுகு வால்வு உண்டு. றேடியேற்றரில் தண்ணீர் குறைந்துபோனால் அந்த வால்வுக்குச் சூடு எட்டாது, வழி மூடாது, எஞ்சின் விரையும். வெப்பமானி முள் ஏறுவதற்கு முன்பே இந்த அறிகுறி வந்துவிடலாம். ஆகவே பழைய ஜப்பான் கார் ஒருநாள் காரணமின்றி விரையத் தொடங்கினால், எஞ்சின் ஆறிய பின் தண்ணீரைப் பாருங்கள். சூடாயிருக்கும்போது மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொள்ளாதீர்கள்.

புதிய கார்களில் கேபிள் இல்லை, திருகாணியும் இல்லை. திறொட்டிலை மின் மோட்டார் திருப்புகிறது. இவற்றில் நான் அதிகம் காண்பது, சுத்தம் செய்ததனால் வந்த நோய். தகட்டோரத்தில் கரி படியப் படியக் காற்றுக் குறையும். கொம்பியூற்றர் அதைக் கற்றுக்கொண்டு தகட்டைச் சற்று அதிகம் திறந்து வைத்துப் பழகிவிடும். ஒருநாள் நீங்கள் கரியைத் துடைத்துப் பளபளப்பாக்குகிறீர்கள். பழைய பழக்கத்தில் அது அதே அளவு திறக்கிறது, காற்று மிகுந்துவிடுகிறது. துடைத்தவரைக் குறை சொல்லாதீர்கள். அந்தந்தக் காருக்குரிய முறைப்படி மறுபடி கற்பித்தால் சரியாகிவிடும், சில கார்கள் சில நாள் ஓடியதும் தாமே கற்றுக்கொள்ளும். பற்றரியைக் கழற்றிப் பூட்டிய பின்பும் இது நடப்பதுண்டு. டீசல் வான் வைத்திருப்போருக்கு நான் சொன்னதில் பெரும்பகுதி பொருந்தாது. டீசல் எஞ்சினில் வேகத்தை முடிவு செய்வது எண்ணெய், அதைப் பம்பில் பார்க்கவேண்டும்.

திருகாணியைத் தொடவே கூடாதா என்று கேட்பீர்கள். எல்லாக் குறையும் தீர்ந்த பின், கடைசியாக, புத்தகத்தில் சொன்ன அளவுக்குத் தொடலாம். வருடாந்தப் புகைப் பரிசோதனை 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கிய பிறகு, அதற்குப் போகும் வழியில் "ஐட்லிங்கைக் கொஞ்சம் சரிபண்ணித் தாங்கோ" என்று கேட்டு வருவோர் கூடிவிட்டார்கள். பரிசோதனையில் தேற வேண்டுமென்ற அவசரம் அவர்களுக்கு. நான் முதலில் அவர்களுடைய பிறேக்கை மிதித்துப் பார்ப்பேன். சிலருக்குக் கோபம் வரும். "புகைக்கு வந்தால் பிறேக்கைப் பார்க்கிறீர்" என்பார்கள். காரணம் சொல்ல எல்லா நாளும் நேரம் கிடைப்பதில்லை. இன்று கிடைத்தது.

அந்தச் சோதனையைச் செய்துகாட்டி முடிக்கிறேன், ஓட்டத் தெரிந்த எவரும் செய்யலாம். சமநிலத்தில் கை பிறேக்கை இழுத்து, எஞ்சினை நிறுத்தி, பிறேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். மிதி இறுகிவிடும். இறுகிய மிதியில் காலை அழுத்தி வைத்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி காலின்கீழ் ஓர் அங்குலமளவில் மெல்லத் தாழவேண்டும். தாழ்ந்தால் பூஸ்டர் வேலை செய்கிறது. தாழாவிட்டால், அல்லது மிதித்துக்கொண்டிருக்கும்போது சீறும் சத்தத்தோடு எஞ்சின் ஓட்டம் மாறினால், அந்தக் காரை வீட்டுக்கு ஓட்டிச் செல்லவேண்டாம். வெளியே முற்றத்தில் ஆறேழு கார்கள் நிற்கக் கண்டேன். தேநீர் வருவதற்குள் இளைஞர்கள் இரண்டு பேர் என்னோடு வந்தால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். செயலாளர் தம்பியின் காரிலிருந்து தொடங்குவோம். வரும்போதே அதன் சத்தத்தைக் கேட்டேன்.